குடியரசின் பெரும்படை

போர் முடிந்தபின் காயமுற்ற வீரரையும், தந்தையை இழந்த குழந்தைகளையும் காப்பவர் யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடைபெற்றது. நாடு பிளவுபடாமல் காக்க ஒன்றியப் படையினர் போரிட்டனர். அப்படையில் மருத்துவராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஸ்டீபன்சன், 1866ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் வீரர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'குடியரசின் பெரும்படை'.

தோழமை, ஈகை, நாட்டுப்பற்று ஆகியன அதன் குறிக்கோள்கள். ஊர்களில் கிளைகள் இருந்தன. அவை மாநிலப் பிரிவுகளில் அடங்கின. அனைத்திற்கும் தலைவராக ஒரு தலைமைத் தளபதி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நலிந்த வீரர்களுக்கும் கைம்பெண்களுக்கும் சங்கம் உதவியது. ஓய்வூதியம் வேண்டிக் குரல் கொடுத்தது. 1868 மே 30 அன்று, இறந்த வீரர்களின் கல்லறைகளை மலர்களால் அழகுசெய்யுமாறு பணித்தது.

அப்போரில் பணியாற்றியோர் மட்டுமே உறுப்பினராக முடியும். அவர்தம் மக்கள் சேர இயலாது. 1890இல் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். பின்னர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 1956இல் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் மறைந்தார், சங்கமும் முடிவுற்றது. மலர் சூட்டும் வழக்கம் மட்டும் இன்றும் தொடர்கிறது.

சொற்பொருள்
ஈகை – கொடை
நலிந்த – துன்புற்ற

வினாக்கள்
1. சங்கத்தின் குறிக்கோள்கள் யாவை?
2. சங்கம் முடிவுற்றது ஏன்?