முகப்பருவும் உணவும்

வளரிளம் பருவத்தினரிடையே மிகப் பரவலாகக் காணப்படுவது முகப்பரு. உயிருக்கு ஊறு செய்வதன்று எனினும், அது தழும்பையும் மனச்சோர்வையும் விளைவிக்கக்கூடும். உணவே இதற்குக் காரணம் என்று கருதி, நிலக்கடலை, முட்டை, நெய் முதலியவற்றை விலக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. இதில் உண்மை எவ்வளவு?

பூப்புப் பருவத்தில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மிகுகிறது. அதன் தூண்டுதலால் தோலிலுள்ள சுரப்பிகள் எண்ணெய்ப் பசையை மிகுதியாகச் சுரக்கின்றன. இறந்த செல்களால் மயிர்த்துளை அடைபட, உள்ளே தேங்கும் பசையில் நுண்ணுயிர்கள் பெருகி அழற்சி ஏற்படுகிறது. ஆகவே, உண்ணும் எண்ணெய் நேரே முகத்தில் கசிந்து பருவாவதில்லை.

எனினும், உணவுக்குப் பங்கே இல்லை என்பதும் சரியன்று. 1969-இல் அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்த ஆய்வு, சாக்லேட்டால் பரு கூடுவதில்லை என்று அறிவித்தது. ஆனால், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட மாற்றுப் பண்டத்திலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தன. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், சர்க்கரையை இரத்தத்தில் விரைந்து ஏற்றாத, புரதம் மிகுந்த உணவை உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இனிப்பும் மைதாப் பண்டங்களும் இன்சுலினை உயர்த்துகின்றன. அது எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டுகிறது என்பது அறிஞர் தரும் விளக்கம். பாலுக்கும் பருவுக்கும் தொடர்புண்டு எனச் சில ஆய்வுகள் கூறினும், பாலை விலக்கச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை.

இக்கேள்வி அழகைப் பற்றியது மட்டுமன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இந்நிலையில், பருவுக்கு அஞ்சி முட்டையையும் கடலையையும் விலக்கும் பெண், தனக்கு எளிதில் கிட்டும் புரதத்தையும் பிற சத்துகளையும் இழக்கிறாள். அதே வேளையில், இனிப்புப் பானத்தையும் பிஸ்கட்டையும் அவள் குறைப்பதில்லை. விலக்க வேண்டியது நிற்க, வேண்டியதே விலகுகிறது.

மற்றோர் இடர் களிம்புகளால் நேர்வது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு தொடக்கத்தில் நலம் தருவதுபோல் தோன்றி, நாளடைவில் தோலை மெலிவித்துப் பருவை மிகுவிக்கும். 2018-இல் மைய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது.

2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயதினருக்கானது. ஊட்டச்சத்து அதன் நோக்கங்களுள் ஒன்று. பள்ளிகளில் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் நாளிலேயே ஆசிரியரும் நலப் பணியாளரும் மூன்று செய்திகளை எடுத்துரைக்கலாம்: இனிப்பையும் மைதாவையும் குறைத்தல், பருப்பு, கீரை, முட்டை, கடலை ஆகியவற்றைக் கைவிடாதிருத்தல், பரு கடுமையானால் கடைக் களிம்பை நாடாமல் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுதல். இதற்குத் தனிச் செலவு தேவையில்லை.