வினைசெயல்வகையும் பாம்பன் பாலமும்

பலர் கூடிச் செய்யும் அரிய வினைக்கு ஊக்கம் மட்டும் போதுமோ, முறையும் வேண்டுமோ என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. திருவள்ளுவர் 'வினைசெயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்து, கைப்பொருள், கருவி, காலம், செய்தொழில், இடம் என்னும் ஐந்தனையும் ஐயமற ஆராய்ந்தபின் செய்க எனப் பணித்தனர். இவ்வைந்தும் ஒரு குழுவின் செயலில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை நம் தென்கோடியில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு காண்போம்.

1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் பாலம் இராமேசுவரத் தீவை மண்டபக் கரையோடு இணைத்தது. அதனைக் கடந்து தனுஷ்கோடி சேர்ந்த புகைவண்டிப் பிரயாணிகள், ஆங்குக் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊரை நெருங்கிய புகைவண்டியும் அதிலிருந்தோருடன் கடல்வாய்ப்பட்டது. பாலத்தின் 126 இரும்பு உத்தரங்கள் அலையில் வீழ்ந்தன. தீவு தனித்து நின்றது.

பாலத்தைச் சீராக்க இரயில்வேயார் முதலிற் குறித்த காலம் ஆறு திங்கள். பின்னர் அது மூன்றாகக் குறுகியது. பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. புதிய உத்தரங்களைத் தொலைவிலிருந்து தருவிப்பதாயின் காலம் போதாது. அந்நிலையில், வீழ்ந்த உத்தரங்கள் கடலடியிற் கிடக்கும் செய்தியை மீனவர் கொணர்ந்தனர். குழுவினர் அச்சொல்லை எளிதென்று தள்ளவில்லை. உத்தரங்களை மேலெடுத்து மீண்டும் தூண்களில் ஏற்றத் துணிந்தனர். 46 நாட்களில் பாலம் சீரடைந்தது. 2022 வரை வண்டிகளைத் தாங்கியது.

இதனால் நாம் அறிவது யாது? காலம் குறுகவே கருவி மாறிற்று. அக்கருவியைக் காட்டியது இடமறிந்தார் அறிவு. ஆதலின் ஐந்தும் தனித்தனி நிற்பன அல்ல. ஒன்று மாறின் ஏனையவற்றையும் மீள எண்ணல் வேண்டும். முதலில் எழுதிய திட்டத்தை விடாது பற்றியிருத்தல் முறையன்று. தக்க சொல் வந்தவழி அதனைத் திருத்துதலே முறை.

ஆயினும் பாலம் மீண்டதுபோல் தனுஷ்கோடி மீளவில்லை. அதற்கு இருப்புப்பாதை மறுபடி இடப்படவில்லை. வாழத் தகாத ஊர் என அரசாங்கம் அறிவித்தது. எனினும் மீனவக் குடும்பங்கள் சில இன்றும் அம்மணலில் வாழ்கின்றன. பாலத்தின் பொருட்டுக் கேட்ட அவர்தம் சொல்லை, அவர் வாழ்வின் பொருட்டும் கேட்பதன்றோ நீதி?

நம் கல்லூரிச் சங்கங்களிலும் தீர்மானம் எழுதுவோர் பலர். படகோட்டியின் சொல்லுக்குச் செவிசாய்ப்போர் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராவோமாக.