மழையும் மலை ஓடையும்: மேல்மண் எப்போது பறிபோகிறது?



நீலகிரியில் கோடையில் தெளிந்து ஓடும் ஓடை, தென்மேற்குப் பருவமழை வலுத்த நாளில் செந்நிறமாகப் புரண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் நம் நிலத்தின் மேல்மண். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மண் அரித்துச் செல்லப்பட்டால், அதன் அளவு ஏறத்தாழ 4 கனமீட்டர். எடை சுமார் 5 டன். நாம் இட்ட தொழுவுரமும் அதனுடன் போய்விடும். மண் எந்த மழையில், எந்த நேரத்தில் போகிறது என்று அறிந்தால் தடுப்பது எளிது.

நீரின் வேகமும் மண்ணும்

ஓடை மூன்று விதமாக மண்ணைக் கொண்டு செல்கிறது. களியும் வண்டலும் நீரில் கலந்து மிதந்து செல்லும். மணல் குதித்துக் குதித்து நகரும். கூழாங்கற்கள் அடியில் உருண்டு செல்லும். களி நெடுந்தொலைவு போய்க் குந்தா போன்ற நீர்த்தேக்கங்களில் படிகிறது.

நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது பழைய கணக்கு. ஆகவே, ஓடை சுமக்கும் மண்ணில் பெரும்பகுதி ஆண்டில் ஒருசில பெருமழை நாட்களிலேயே போய்விடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. மழை வந்தபின் மண்வெட்டியை எடுத்துப் பயனில்லை. முன்னதாகவே நிலம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

முதல் வெள்ளம்

ஓடையில் நீர் ஏறும்போதும் வடியும்போதும் ஒரே உயரத்தில் நின்றாலும் கலங்கல் ஒன்றாக இருப்பதில்லை. சிறிய ஓடைகளில் பெரும்பாலும் ஏறும் நீரே மிகக் கலங்கலாக இருக்கும். மழைத்துளி தாக்கிப் பெயர்த்த மண்ணும், பாதையிலும் வடிகாலிலும் கிடந்த புழுதியும் முதலில் அடித்துச் செல்லப்படுவதே காரணம். அவ்வாறே, கிளறிய நிலத்தின்மேல் பெய்யும் முதல் பெருமழை, பின்னர் பெய்யும் அதே அளவு மழையைவிட அதிக மண்ணைக் கொண்டுபோகும். கார்போக உருளைக்கிழங்கைத் தோண்டும் காலம் பருவமழையோடு சேர்ந்து வருவதால், அப்போது கூடுதல் கவனம் தேவை.

நீங்களே செய்து பார்க்கலாம்

மழை நாளில் உங்கள் நிலத்துக்கு மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஓடை நீரை ஒவ்வொரு பாட்டிலில் எடுத்து, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். இரு பாட்டில்களிலும் படிந்த மண்ணை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். வெள்ளத்தில் இறங்காதீர்கள், கரையில் நின்று கயிறு கட்டிய வாளியால் எடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று அஞ்சிச் சிலர் சரிவின் போக்கிலேயே பார் பிடிக்கின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் சரிவுக்குக் குறுக்கே, 100 அடி நீளத்துக்கு அரை அடி முதல் 1 அடி வரை வாட்டம் கொடுத்துப் பார் பிடித்தால் நீரும் வடியும், மண்ணும் நிற்கும்.

2. பார்களிலிருந்து வடியும் நீரைப் புல் வளர்த்த வடிகாலில் விடுங்கள். வடிகாலின் வழியில் ஆங்காங்கே வண்டல் குழி தோண்டி, சேரும் மண்ணை மீண்டும் நிலத்தில் இடுங்கள்.

3. செங்குத்தான சரிவில் உட்புறம் சாய்ந்த படித்தளங்கள் அமைத்து, அவற்றின் விளிம்பில் புல் நடுங்கள்.

4. சரிவு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டாமல் பட்டை பட்டையாக அறுவடை செய்யுங்கள். தோண்டிய இடத்தை உடனே தழையால் மூடுங்கள்.

5. ஓடைக் கரையோரம் உழாமல் விட்டு, புல்லும் புதரும் வளர விடுங்கள். கட்டட வேலைக்கென ஓடைப் படுகையின் கற்களைப் பெயர்க்காதீர்கள். மேலே கிடக்கும் பெரிய கற்களே அடியிலுள்ள மணலைக் காக்கின்றன. அவற்றை எடுத்தால் அடுத்த வெள்ளத்தில் படுகை ஆழமாகிக் கரை சரியும். கரையோர நிலமும் போகும்.

இவற்றைத் தனியொருவர் செய்வதைவிட, ஒரே ஓடையின் இருபுறமும் உள்ளவர்கள் கூடிப் பேசி, மேலிருந்து கீழாகச் செய்து வருவதே முழுப் பயன் தரும். மேல் நிலத்தார் விட்ட வெள்ளம் கீழ் நிலத்தாரின் வரப்பைத்தான் முதலில் உடைக்கிறது. இந்த ஆண்டு மழைக்கு முன்பே உங்கள் ஓடையோரம் ஒருமுறை நடந்து பாருங்கள்.