ஃபோர்க்லிஃப்ட் ரெகுலேட்டரில் ஐஸ் பிடித்தால்

கிடங்குக்கு வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஓடும் கேஸ் ஃபோர்க்லிஃப்டின் ரெகுலேட்டர் மட்டும் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்திருக்கும். எஞ்சின் திணறும், சுமையைத் தூக்கினால் அணைந்துபோகும். உடனே ரெகுலேட்டரைக் கழற்றப் போகாதீர்கள். பெரும்பாலும் குற்றம் அதனுடையதல்ல. அதற்கு வந்து சேர வேண்டிய சூடு வரவில்லை.

வீட்டு சிலிண்டரில் மேலே நிற்கும் ஆவிதான் அடுப்புக்கு வருகிறது. ஃபோர்க்லிஃப்டில் படுக்கவைத்த சிலிண்டர் திரவத்தையே அனுப்புகிறது; அதை ஆவியாக்குவது ரெகுலேட்டர்தான். இந்த கேஸிலுள்ள புரோப்பேன் திறந்த வெளியில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் ஆவியாவதற்கு நிறைய வெப்பம் வேண்டும். அதைக் கொடுக்கத்தான் எஞ்சின் கூலன்ட் இரண்டு ஹோஸ்கள் வழியே ரெகுலேட்டருக்குள் போய்வருகிறது. அந்தச் சுற்று நின்றால் ரெகுலேட்டர் தன்னிடமுள்ள சூட்டையெல்லாம் கேஸுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோகும், காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். உள்ளே தேங்கியது வெறும் தண்ணீர் என்றால் அதுவும் உறைந்து, ரெகுலேட்டரே விரிசல் விடலாம். நம் ஊர் வெயிலுக்குக் கூலன்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

வண்டியைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பள்ளமோ ஆய்வுக் குழியோ பக்கத்தில் வேண்டாம். புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். எஞ்சின் ஓடும்போதே ஐஸ் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

ரெகுலேட்டர் முழுக்க ஐஸ் என்றால் பெரும்பாலும் கூலன்ட் பக்கம் கோளாறு. அதற்கு முன்னால் கேஸை நிறுத்தும் லாக்-ஆஃப் வால்விலோ ஃபில்டரிலோ மட்டும் என்றால் அங்கே அடைப்பு. அடைப்பைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து கேஸ் அங்கேயே ஆவியாகிறது. பெரும்பாலும் ஃபில்டரை மாற்றினால் போதும். சிலிண்டரின் மேலேயே பனி படர்ந்தால் அதைத் தவறாக மாட்டியிருக்கலாம், திரவத்துக்குப் பதில் ஆவியை இழுக்கிறது. சிலிண்டர் காலரில் உள்ள துளை, வண்டியிலுள்ள பின்னில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கப்ளிங்கில் மட்டும் பனி தெரிந்தால் ஓ-ரிங் போய்க் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். வேறெதையும் பார்க்காமல் உடனே சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

இனி கூலன்ட். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். பக்கத்திலுள்ள கூலன்ட் பாட்டில் நிறைந்திருப்பதை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் ரெகுலேட்டர் உயரமான இடத்தில் இருக்கிறது. மட்டம் கொஞ்சம் இறங்கினாலே முதலில் காய்வது அதுதான். டெம்பரேச்சர் மீட்டர் அப்போதும் ஒழுங்காகவே காட்டும்.

மட்டம் சரியென்றால் எஞ்சினைச் சூடாக்கி, ஃபேனுக்குக் கை போகாமல், இரண்டு ஹோஸையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது சில்லென்று இருந்தால் ரெகுலேட்டருக்குள் துருவோ சகதியோ அடைத்திருக்கும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் ஏர்லாக், நசுங்கிய ஹோஸ், வாட்டர் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். எஞ்சின் சூடேறுகிறது என்று யாராவது அதைக் கழற்றிப் போட்டிருக்கவும் கூடும். கேஸ் வண்டியில் அந்தக் கைவைத்தியம் ஆகாது.

ஏர்லாக் எடுக்க, ஆறிய எஞ்சினில் ரெகுலேட்டரின் மேல் ஹோஸ் கிளாம்பைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை ரேடியேட்டரில் ஊற்றுங்கள். அடைப்பு என்றால் இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியே போகும் பக்கத்திலிருந்து தண்ணீரைத் திருப்பி அடித்துக் கழுவுங்கள்.

ஏர்லாக் எடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறதா? எஞ்சின் ஓடும்போது கூலன்டில் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? ரெகுலேட்டரின் உள் கேஸ்கெட் கிழிந்து கேஸ் கூலன்டுக்குள் கலக்கலாம்; ஹெட் கேஸ்கெட்டும் இதே வேலையைச் செய்யும். குமிழி வருமிடத்தில் நெருப்பு கூடவே கூடாது.

கேஸ் இணைப்பு எதையும் தொடுமுன் சிலிண்டர் வால்வை மூடி எஞ்சினை ஓடவிடுங்கள். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து எஞ்சின் தானே அணையும். கையுறை கட்டாயம்; திரவ கேஸ் தோலில் பட்டால் உறைபுண் ஆகும். ஐஸைக் கரைக்க வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். கேஸ் டார்ச், புளோலாம்ப் எதுவும் கூடாது. தண்ணீர் ஊற்றியதும் வண்டி ஒழுங்காக ஓடிச் சற்று நேரத்தில் மறுபடி திணறினால், சூட்டுக் குறைதான் என்று உறுதி.

வேலை முடிந்ததும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தினமும் காலையில் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, கூலன்ட் சூடான பிறகே சுமை ஏற்றச் சொல்லுங்கள்.

இரண்டு ஹோஸும் நல்ல சூட்டில் இருந்தும் ஐஸ் பிடித்தால், அப்போதுதான் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். உள்வால்வு மூடாமல் அளவுக்கு மேல் கேஸ் விட்டால் கறுப்புப் புகையும் வரலாம். அதற்கு ரிப்பேர் கிட் போடும் வேலையைக் கேஸ் வண்டி பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.