பழைய டிராக்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் கரிசல் மானாவாரி நிலங்கள் அதிகம். வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் பதத்துக்கு வந்ததும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். கிராமத்து ஆட்களில் பலர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்வதால் டிராக்டரின் தேவை கூடியுள்ளது. புதியது வாங்க இயலாத சிறு விவசாயிகள் பழையதை நாடுகின்றனர். விதைப்புச் சமயத்தில் அது பழுதாகி நின்றால் ஈரமும் போகும், பருவமும் போகும். எனவே விலை பேசுமுன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்தல் நலம்.

எஞ்சின்: காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆவதிலுள்ள குறை தெரியாது. ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கவும். எஞ்சின் ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது எனலாம். ஓடும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கும். இதற்குச் செலவு அதிகமாகும்.

கிளட்ச், கியர், பிரேக்: வயலில் கலப்பையை இறக்கி உழுது பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடியும் வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் தேய்ந்துள்ளது. பளு ஏறும்போது கியர் தானாக விடுபடக் கூடாது. இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியாகச் சோதிக்கவும்.

ஹைட்ராலிக், பி.டி.ஓ.: கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் அது விரைவில் கீழே இறங்கக் கூடாது. அப்போது எவரும் அதனடியில் நிற்கலாகாது. பி.டி.ஓ. தண்டின் பற்கள் தேய்ந்திருந்தால் ரோட்டவேட்டருக்கு உதவாது.

சக்கரங்கள்: முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் பேரிங், கிங்பின் தேய்மானம் தெரியும். டயரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். உதாரணமாக, 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மணி மீட்டரை மட்டும் நம்பலாகாது, மீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம். பெடல்களின் தேய்மானத்தோடு ஒப்பிட வேண்டும்.

தீப்பொறி: சைலன்சரில் பொறி பறந்தாலோ, வயர்கள் உரிந்திருந்தாலோ சரிசெய்யும் வரை வைக்கோல் ஏற்றவோ, பட்டாசுத் தொழிற்கூடங்கள் அருகில் ஓட்டவோ கூடாது.

ஆவணங்கள்: பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ஐயும் தடையின்மைச் சான்றையும் பெற்ற பிறகே முழுத் தொகையைத் தரவும். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சும் நடப்பில் இருத்தல் அவசியம்.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது சிறந்தது. டயர், ரிப்பேர் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். சில ஏக்கரே உள்ளவர்களுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியில் பதிவு செய்து பெறுவது கடன் சுமையைத் தவிர்க்கும்.