ஆன் எம்.எல்.ஏ., ஏ யூனிவர்சிட்டி

ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் 'ஆன்' போட வேண்டும், மற்றவற்றுக்கு 'ஏ' போட வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தில் முதன்முதலாக மனப்பாடம் செய்யும் விதிகளில் இதுவும் ஒன்று. ஆப்பிளும் அம்ப்ரெல்லாவும் இதற்குச் சாட்சியாக வந்து நிற்கும். பிறகு, மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' ஹெச் எழுத்தில் தொடங்கினாலும் 'ஆன்' கேட்கும், யூனிவர்சிட்டி யூ எழுத்தில் தொடங்கினாலும் 'ஏ' கேட்கும் என்று விதிவிலக்குகளின் பட்டியல் ஒன்று தனியாக வரும். பட்டியலையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அவற்றில் ஒன்றுகூட விதிவிலக்கு அல்ல. 'ஏ', 'ஆன்' என்ற ஆர்ட்டிகிளைத் தீர்மானிப்பது அடுத்து வரும் ஒலி. எழுத்துக்கு அதில் பங்கே இல்லை.

சுருக்கக் குறிகளை எடுத்துக்கொண்டால் இது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். எம் என்பது மெய்யெழுத்து. ஆனாலும் ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எஸ்.எம்.எஸ். என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் இவற்றை வாய்விட்டுச் சொல்லும்போது முதலில் ஒலிப்பது எகரம். அதே எம் எழுத்தில் தொடங்கும் மினிஸ்டருக்கு 'ஏ' போதும். இன்னொரு சான்று மூலிகையைக் குறிக்கும் சொல். பிரிட்டனில் அதை 'ஹெர்ப்' என்கிறார்கள், 'ஏ' போடுகிறார்கள். அமெரிக்காவில் 'எர்ப்' என்கிறார்கள், 'ஆன்' போடுகிறார்கள். இரண்டு நாட்டிலும் எழுத்து ஒன்றே, மாறியது உச்சரிப்பு மட்டும். அதோடு ஆர்ட்டிகிளும் மாறிவிட்டது. பெயர்ச்சொல்லைப் பார்த்து முடிவு செய்வதும் தவறுதான். ஆர்ட்டிகிளை ஒட்டி எந்தச் சொல் நிற்கிறதோ அதன் முதல் ஒலியே கணக்கு. 'ஏ யூனிஃபார்ம்' என்போம், நடுவில் 'ஓல்ட்' வந்தால் 'ஆன் ஓல்ட் யூனிஃபார்ம்' என்போம்.

வரலாறும் இதையே சொல்கிறது. உயிருக்கு முன்னால் நகரம் வந்து சேர்கிறது என்று நாம் படிக்கிறோம், நடந்தது நேர்மாறு. பழைய வடிவமே 'ஆன்' தான். எண் ஒன்றைக் குறித்த சொல்லிலிருந்து அது பிறந்தது. மெய்யொலிக்கு முன்னால் அதன் நகரம் காலப்போக்கில் உதிர்ந்து 'ஏ' மிஞ்சியது. மக்கள் காதால் கேட்டே இதைப் பழகினார்கள் என்பதற்கு அவர்கள் காது ஏமாந்த இடங்களே ஆதாரம். கிரிக்கெட் அம்பயர் ஒரு காலத்தில் 'நம்பயர்' போன்ற ஒலியுடைய சொல்லாக, பிரெஞ்சிலிருந்து வந்தவர். 'ஏ நம்பயர்' என்பது 'ஆன் அம்பயர்' என்று காதில் விழ, நகரம் இடம் மாறிவிட்டது. நிக்நேம் இதற்கு எதிர்த்திசையில் போனது: 'ஆன் ஈக்நேம்' என்பதன் நகரம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எழுத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் இந்தக் குழப்பம் நேர வழியே இல்லை.

அப்படியானால் எழுத்து விதி நம்மிடம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? தமிழ் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'ஓர் ஊர்', 'ஒரு மரம்' என்ற வேறுபாட்டை நாம் அறிவோம். அங்கே எழுத்தைப் பார்த்தாலும் ஒலியைக் கேட்டாலும் விடை ஒன்றே, ஏனென்றால் தமிழில் உயிரெழுத்து எதுவோ அதுவே உயிரொலி. ஆங்கிலமோ அந்த ஐந்து எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 20 உயிரொலிகளைச் சமாளிக்கிறது. அந்த எழுத்தை நம்பி ஒலியைக் கணிக்க முடியாது.

ஆங்கிலத்தைக் காதால் அதிகம் கேட்டிராத கிராமத்து மாணவர் ஒலியை எப்படி அறிவார், அவருக்கு எழுத்து விதிதானே கைகொடுக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மாணவரிடம் ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. சொல்லின் சரியான உச்சரிப்பை ஒருமுறை தெரிந்துகொண்டு அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கட்டும். யூனிவர்சிட்டி யகரத்தில் தொடங்குகிறது. ஒன்று என்னும் பொருளுள்ள 'வன்' வகரத்தில் தொடங்குகிறது. இரண்டும் உயிர்மெய், ஆகவே 'ஏ'. ஆனஸ்ட், அவர், எம்.எல்.ஏ. எல்லாம் உயிரில் தொடங்குகின்றன, ஆகவே 'ஆன்'. இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பேச்சில் நாம் எகரத்துக்கு முன்னால் ஒரு யகரத்தை நுழைத்து 'யெம்.எல்.ஏ.' என்கிறோம், அதை நம்பினால் விடை தவறும். ஹெச் என்ற எழுத்தின் பெயரையே பிரிட்டனின் பொது வழக்கில் 'ஏய்ட்ச்' என்கிறார்கள். அதனால்தான் பாடப்புத்தகம் 'ஆன் ஹெச்.ஆர். மேனேஜர்' என்கிறது. தேர்வுக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் இதுவே பதில்: கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வினாக்கள் தேடிப்பிடித்துக் கேட்பது எழுத்து விதி சறுக்கும் இதே சொற்களைத்தான்.

பன்மையிலும் கதை இதுதான். எஸ் சேர்த்தால் பன்மை, சி ஹெச் எழுத்துகளில் முடிந்தால் இ எஸ் என்கிறது விதி. சர்ச், சர்ச்சஸ் ஆகிறது, சரி. வயிற்றைக் குறிக்கும் ஸ்டமக்கும் அதே எழுத்துகளில்தான் முடிகிறது, ஆனால் அதற்கு எஸ் மட்டுமே. அங்கே அந்த எழுத்துகள் ககரமாக ஒலிப்பதுதான் காரணம். ச், ஷ், ஸ் போன்ற சீறும் ஒலிக்குப் பின்னால் இன்னொரு ஸகரத்தை நாக்கால் உடனே சொல்ல முடியாது. நடுவில் ஓர் உயிர் வேண்டும். அந்த உயிரும் ஸகரமும் சேர்ந்துதான் இ எஸ் என எழுதப்படுகின்றன. தனி எஸ்ஸும் எப்போதும் ஒரே ஒலி அல்ல. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, ஆங்கிலேயர் சொல்வதுபோலப் பூனைகளையும் நாய்களையும் சொல்லிப் பாருங்கள். 'கேட்ஸ்' முடியும்போது தொண்டை அமைதியாக இருக்கும், 'டாக்ஸ்' முடியும்போது அதிரும். மரம் மரங்களாகவும் கல் கற்களாகவும் மாறுவது போன்ற ஒலியிசைவுதான் இது. தமிழ் அந்த மாற்றத்தை எழுதிக் காட்டுகிறது. ஆங்கிலம் ஒரே எஸ்ஸுக்குள் மறைத்துவிடுகிறது.

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலத்திலேயே இல்லாத, 'டாக்' போல முடியும் 'வக்' என்ற பெயரை ஒரு பறவைப் படத்துக்குச் சூட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். முன்பு கேட்டே இராத அந்தச் சொல்லுக்கு, பெரும்பாலோர் தொண்டை அதிரும் ஸகரத்தைச் சரியாகச் சேர்த்தார்கள். அவர்களில் முன்பள்ளிக் குழந்தைகளும் உண்டு. சீறும் ஒலியில் முடிந்த புதுச்சொற்களில் பலர் தடுமாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் உயிரைச் சேர்க்கும் பழக்கம் சற்றுப் பிந்தித்தான் வருகிறது. எப்படியானாலும் எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைகளிடம் பன்மை விதி இருந்திருக்கிறது.

காது கைவிடும் இடங்களும் உண்டு. ஓ எழுத்தில் முடியும் பொட்டேட்டோவுக்கு இ எஸ், ஃபோட்டோவுக்கு எஸ் மட்டும். இரண்டின் இறுதியும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. இது எழுத்து வழக்கு, ஒலிக்கு இதில் வேலையில்லை. மென், சில்ட்ரன் போன்ற பன்மைகள் பழைய ஆங்கிலத்தின் மிச்சம். சொல்லுக்குச் சொல் கற்க வேண்டியவை. இவற்றுக்கு மட்டும் அகராதியைப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.