ஒரு கட்டு பீடியும் ஓவர்ஹெட் செலவும்



எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பாடத்தில் நேரடிச் செலவு, மறைமுகச் செலவு என்று படிக்கிறோம். பரீட்சைக்காக நான் மனப்பாடம் பண்ணிய அந்தப் பாடம் உண்மையில் புரிந்தது, திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனை வராந்தாவில்தான்.

என் பெரியப்பா லேத் ஓட்டியவர். முப்பது வருஷப் பீடிப் பழக்கம். இப்போது ஸ்ரீரங்கம் வீட்டில் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருந்தால் தணிக்கலாம், பழைய நுரையீரல் திரும்பாது.

"மருந்துதான் இலவசமாச்சே, அப்புறம் என்னடா செலவு?" என்றார். நோட்டை எடுத்தேன். காவிரிப் பாலம் தாண்டிப் போய்வர ஆட்டோ வாடகை, துணைக்கு வரும் பெரியம்மாவின் அன்றைய கூலி, ஐந்து வருஷம் முன்பே நின்றுபோன பெரியப்பாவின் சம்பளம். இலவச மருந்தும் யாரோ கட்டிய வரியில் வாங்கியதுதானே!

தேசத்துக்கும் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 2017-18-ல், 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் புகையிலையால் வந்த நோய்களாலும் மரணங்களாலும் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 1,77,341 கோடி ரூபாய். இதில் 74 சதவீதம் புகைப்பதால்; மீதி மெல்லும் புகையிலையால். நேரடிச் செலவு 22 சதவீதம்தான். வேலை இழப்பு, அகால மரணம் போன்ற மறைமுகச் செலவு 78 சதவீதம்! அந்த நேரடிச் செலவே நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 5.3 சதவீதம்.

"கவர்ன்மெண்டுக்கு வரி வருதேப்பா?" என்றான் ஹாஸ்டல் நண்பன். வருகிறது. ஆனால் முந்தைய ஆண்டின் கலால் வரி, இந்த இழப்பில் 12.2 சதவீதம் மட்டுமே. அதாவது 100 ரூபாய் வாங்கி 800 ரூபாய்க்கு மேல் இழக்கிறோம். இப்படி ஒரு மெஷின் ஓடினால் மெயின் சுவிட்சை அணைக்க மாட்டோமா?

நம் ஊர்ச் சுருட்டுக்கு உலகப் புகழ் உண்டு. 1887-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாகிறது. நமக்கும் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து, டாக்டர் கஜலட்சுமி குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. காசநோயால் இறக்கும் இந்திய ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கமும் ஒரு காரணம் என்றது. அரசு ஒரு கையால் காசநோய் மாத்திரை தருகிறது; பீடி மறு கையால் நோயாளியை அனுப்புகிறது.

திரும்பும் வழியில் பெரியப்பா கேட்டார்: "நீயும் குடிக்கிறியாடா?"

நான் பதில் பேசவில்லை. சட்டைப் பையில் ஒரு சிகரெட் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கசக்கிக் குப்பையில் போட்டேன். எட்டு மாசமாச்சு. முதல் பதினைந்து நாள் கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன். விட நினைக்கிறவர்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

நண்பர்களே, விரலிடையில் எரிவது பீடி மட்டுமல்ல, நாளைய சம்பளமும்தான்!

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்